நாற்பத்திரண்டு அரளிக் குச்சிகள்

அக்கா, அந்தப் பையில் இருப்பது அரளிக் கன்றுதானே? தப்பாக நினைக்காதீர்கள், இலையைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது. வேலிக்கா? வீட்டைச் சுற்றியா, ஒரு பக்கத்துக்கு மட்டுமா?

ஒரு பக்கத்துக்கு மட்டும். சரி.

தாராபுரம் போக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். நான் ஒன்று சொல்கிறேன். கேட்டுவிட்டு வைப்பதானாலும் வையுங்கள், நான் தடுக்க வரவில்லை. ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆடுகள் செத்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. அன்று வேலையில் இருந்தேன். அம்மா போனில் சொன்னது, அம்மாவிடம் அத்தை சொன்னது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எது நான் பார்த்தது, எது கேட்டது என்று பிரித்தே சொல்கிறேன். என் வேலை அப்படிப் பழக்கிவிட்டது.

கோழித்தீவனக் கம்பெனியில் ஆய்வகத்தில் இருக்கிறேன். லாரி லாரியாக மக்காச்சோளம் வரும். ஒவ்வொரு லாரியிலும் கொஞ்சம் எடுத்து அரைத்து, பூஞ்சை விஷம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் கையெழுத்துப் போட்டால்தான் லாரி உள்ளே போகும். எம்.எஸ்ஸி. முடித்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை அக்கா. விஷம் பார்ப்பதுதான் என் வேலை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வைகாசியில் வீடு கட்டிப் பால் காய்ச்சினோம். நானும் அம்மாவும்தான். அப்பா இல்லை. அப்பா விட்டுப்போன இடம் அது. பக்கத்திலேயே அத்தை வீடு. அப்பாவின் அக்கா, மயிலாத்தாள் என்று பெயர். மாமா இறந்து ரொம்ப நாளாயிற்று, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், தீபாவளிக்கு வருவான். அத்தைக்கு நான்கு வெள்ளாடுகள். மூன்று பெட்டை, ஒரு கிடா. அந்த நான்குதான் அத்தையின் பிழைப்பு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் எதுவும் கிடையாது. ஒரு கயிறுகூடக் கிடையாது.

அத்தை கெட்டவள் இல்லை. ஆனால் எப்படிச் சொல்வது? காலையில் பல் விளக்கிக்கொண்டே எங்கள் சமையலறைக்குள் வந்து சட்டியைத் திறந்து பார்ப்பாள். வெற்றிலை போட்டு எங்கள் பக்கம் துப்புவாள். ஓலைத் தட்டிக்குப் பின்னால் குளித்துக்கொண்டே என்னோடு பேசுவாள், தெருவே கேட்கும். எங்கே போனாலும் ஆட்டு வாடை கூடவே வரும். எனக்கு இதெல்லாம் சின்ன வயதில் தெரியவே இல்லை. ஹாஸ்டலில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு வந்த பிறகுதான் தெரிய ஆரம்பித்தது.

பால் காய்ச்சிய அன்று ஆபீஸிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். மேனேஜர் மேடமும் வந்திருந்தார்கள். எல்லாரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பக்கத்திலிருந்து அத்தை, ஈரத் தலையோடு, ஒரு குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "அம்மிணி! உங்க ஆபீசுக்காரங்களுக்கு ஆட்டுப்பால்ல காப்பி போட்டுத் தரட்டுமா? ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்லு!" என்று கத்தினாள்.

எல்லாரும் சிரித்தார்கள். கேலியாக இல்லை, நல்ல விதமாகத்தான். மேடம் கேட்டார்கள், "யாரு சங்கவி அவங்க?"

நான் சொன்னேன், "பக்கத்து வீட்டுக்காரங்க மேடம்."

பொய் இல்லையே என்று அன்று இரவு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீடுதானே? பக்கத்து வீடுதான்.

அதற்கு அடுத்த வாரமே வேலிக்குச் செடி தேட ஆரம்பித்துவிட்டேன். மதில் கட்டியிருக்கலாமே என்கிறீர்களா? மதில் கட்டினால் ஊர் கேட்கும். அப்பாவின் கூடப்பிறந்தவளுக்கு எதிரே மதிலா என்று கேட்கும். செடியை யாரும் கேட்க மாட்டார்கள். செடி மெதுவாக வளர்வதால், யாரும் ஒதுக்கினதாகத் தெரியாது. நான் இப்படியெல்லாம் யோசித்துத்தான் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் சொன்னால் அது பொய்.

ஒரு நோட்டில் எழுதினேன். வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும். தலை உயரம் வர வேண்டும். அடி முதல் நுனிவரை அடர்த்தியாக இருக்க வேண்டும். முள் கூடாது. உடுமலையில் நர்சரிக்காரரிடம் போய் நோட்டைப் பார்த்துப் படித்தேன். அவர் சிரித்தார். "என்னம்மா, மாப்பிள்ளை தேடற மாதிரி கேக்கறீங்க?" என்றார். நெட்டிலிங்கம் காட்டினார், அது உயரமாகப் போய்விடும், அகலமாக மறைக்காது. பைக்கஸ் காட்டினார், வேர் சுவரை உடைத்துவிடும். மருதாணி, செம்பருத்தி இரண்டையும் நானே வேண்டாம் என்றேன். நான்கு ஆடு ஒரே நாளில் மொட்டையடித்துவிடும். மூங்கிலும் அதே கதைதான்.

வீட்டுக்கு வந்து யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்தாள். நோட்டை எட்டிப் பார்த்து, "என்னம்மிணி கணக்குப் போடறே?" என்றாள்.

"வேலி வைக்கலாம்னு இருக்கறேன் அத்தை. நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நோட்டையே பார்த்தேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அத்தை ஏன் என்று கேட்கவே இல்லை அக்கா. அவளே ஒரு காரணம் சொன்னாள்.

"வெய்யி, வெய்யி. நானே சொல்லோணும்னு இருந்தேன். என்ற ஆட்டு மூதேவிக உன்ற ரோசாச் செடியெல்லாம் தின்னுபோடுது. கட்டி வெச்சாலும் அவுத்துட்டு வருது. கிளுவைக் குச்சி வெட்டித் தாரேன், நட்டா ஒரு மழையில புடிச்சுக்கும்."

"கிளுவை வெயில் காலத்துல இலை கொட்டிடும் அத்தை."

"கொட்டுனா என்ன? முள்ளும் குச்சியும் இருக்குதே, ஆடு தாண்டாது."

"வருஷம் பூராப் பச்சையா இருக்கணும்."

அத்தை நோட்டைத் திரும்பவும் எட்டிப் பார்த்தாள். எதற்குப் பச்சை என்று நினைத்திருப்பாள். அப்புறம், "அப்ப அரளி வெய்யி. ஆடு வாய் வெக்காது. தண்ணியும் கேக்காது. நாலு வழி ரோட்டு நடுவுல பாத்ததில்லையா, புகை குடிச்சுக்கிட்டே பூத்துக் கெடக்குது" என்றாள்.

அம்மாதான் முகம் சுளித்தாள். வீட்டில் அரளி ஆகாது, அது கோயிலுக்கு உள்ள செடி என்றாள். அத்தை, "போ நங்கை, ஊரெல்லாம் தோட்டந்தோட்டமாப் போட்டு மார்க்கெட்டுக்குப் பூ அனுப்பறாங்க, அவங்கெல்லாம் கெட்டா போயிட்டாங்க?" என்று அம்மாவின் வாயை அடைத்துவிட்டாள்.

அரளி விஷம் என்பது எனக்குத் தெரியாதா? எங்கள் பக்கம் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். விஷம் என்பதால்தானே ஆடு தொடாது, ஆடு தொடாது என்பதால்தானே அதை வைக்கிறோம். ஆட்டுக்குத் தெரியும் என்பதுதான் எங்கள் எல்லாருடைய நம்பிக்கையும். அத்தைக்கும் அதுதான். எம்.எஸ்ஸி. படித்த எனக்கும் அதுதான்.

புரட்டாசி மழைக்கு நட்டோம். நட்டோம் என்ன, அத்தைதான் நட்டாள். நான் டேப் வைத்து அளந்தேன். நாற்பத்திரண்டு அடி. இரண்டு வரிசை, இடைவெளி இரண்டடி, முன்வரிசைச் சந்தில் பின்வரிசைக் குச்சி வருகிற மாதிரி. அத்தை கடப்பாரையால் குழி போட்டாள், குளத்து வண்டலும் எருவும் கலந்து போட்டாள். பென்சில் கனத்தில் ஒரு சாண் குச்சிகள், ஒவ்வொன்றையும் சாய்வாகச் செருகிக் குதிகாலால் மிதித்தாள். நாற்பத்திரண்டு குச்சி. மூன்றுதான் பட்டுப்போயின.

அடுத்த கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றியது யார் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு ஆபீஸ். அம்மாவுக்கு முழங்கால் வலி. அத்தைதான் ஆட்டுக்குத் தண்ணீர் எடுக்கிற குடத்தில் எடுத்து ஊற்றினாள். பங்குனி, சித்திரை, இரண்டு மாசமும். நான் சாயங்காலம் வந்து ஸ்கேல் வைத்து எவ்வளவு உயரம் என்று பார்ப்பேன். அத்தை அந்தப் பக்கம் நின்று, "இன்னிக்கு எவ்வளவும்மிணி?" என்பாள். "நாலடி மூணு அங்குலம் அத்தை." "பாத்தியா, என்ற கைராசி."

போன வருஷம் ஐப்பசியில் அது தலைக்கு மேல் போய்விட்டது. அத்தை நின்றால்கூடத் தெரியவில்லை. சத்தம் மட்டும் வரும்.

கார்த்திகையில் என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பொள்ளாச்சிப் பக்கம். பையன் இன்ஜினியர், அப்பா தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். எங்கள் பக்கம் பெண் பார்க்க வந்தால் அத்தைதான் பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அத்தைக்குத்தான் முதல் இடம். உங்கள் பக்கமும் அப்படித்தானே?

நான் அத்தையிடம் சொல்லவில்லை. ஆபீஸிலிருந்து வருகிறார்கள் என்றேன். அம்மாவையும் அப்படியே சொல்ல வைத்தேன். அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

வியாழக்கிழமை கம்பெனியில் புல்வெளி வெட்டுகிறவரைக் கூட்டி வந்து வேலியைச் சீராக வெட்டச் சொன்னேன். மேலே வெட்டினார், பக்கவாட்டில் வெட்டினார். வேலிக்கு மேல் சாய்ந்திருந்த வேப்பங்கிளைகளையும் வெட்டினார். எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் வெயிலில் கிடந்தது.

சனிக்கிழமை வாசலைச் சுத்தம் பண்ணும்போது அந்தக் குவியல் கண்ணை உறுத்தியது. எரிக்க முடியாது, புகை வரும். எங்கள் ஊரில் தழையை யாரும் வீணாக்க மாட்டார்கள். வெட்டிய தழை ஆடு வைத்திருக்கிறவர்களுக்குப் போக வேண்டும், அதுதான் வழக்கம். எனக்கும் அத்தைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும்போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்காக. நீங்கள் புரிந்துகொள்வீர்கள். இரண்டு கைகளாலும் வாரி, நான்கு நடை போய், அத்தையின் கொட்டகை ஓரத்தில் போட்டேன்.

"வேப்பந்தழை அத்தை."

"போட்டுட்டுப் போ அம்மிணி. நல்லா இரு."

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். மூன்றாவது நடையில் நான் பார்த்தேன். வாடிய வேப்பிலைக்கு நடுவே அரளி நுனிகள் இருந்தன. ஒன்றிரண்டு இல்லை. பார்த்தேன். பொறுக்கிப் போட உட்கார்ந்தால் அரை மணி நேரம் ஆகும், இன்னும் வீட்டைத் துடைக்க வேண்டும், திரைச்சீலை மாட்ட வேண்டும். ஆடு வாய் வைக்காது என்று நினைத்துக்கொண்டேன். பச்சையாக இருந்தால்தான் அதற்குக் கசப்பு தெரியும், வாடினால் வேப்பந்தழையோடு சேர்த்துத் தின்றுவிடும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. நான்காவது நடையும் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், ஏழு பேர். காபி குடித்தார்கள், வேலி அழகாக இருக்கிறது என்றார்கள். அத்தை பக்கமிருந்து சின்னச் சத்தம்கூட வரவில்லை. பெரிய ஆபீசர்கள் வந்திருக்கிறார்கள் என்று, ஆடுகள் கத்தாமல் இருக்க அவற்றைத் தடவிக்கொடுத்துக்கொண்டே கொட்டகையில் உட்கார்ந்திருந்தாளாம். இது அம்மா சொன்னது. அந்தச் சம்பந்தம் அமையவில்லை. ஜாதகம் சேரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதை விடுங்கள்.

அன்று சாயங்காலம் அத்தை அந்தத் தழையைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கொட்டகையில் தொங்கவிட்டிருக்கிறாள். திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அம்மா போன் பண்ணினாள். மூன்று போய்விட்டன, கிடா இழுத்துக்கொண்டிருக்கிறது என்றாள். மூன்றில் ஒன்று சினை. அத்தை சோறோ கஞ்சியோ எதுவும் தொடாமல் மண்ணில் உட்கார்ந்திருக்கிறாள் என்றாள். "நீ லீவு போட்டுட்டு வந்து என்ன பண்ணப்போறே, வேலையப் பாரு" என்றாள்.

நான் வேலையைப் பார்த்தேன். அன்று ஏழு லாரி. ஏழுக்கும் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் வரும்போது நான்கையும் புதைத்தாகிவிட்டது. குழியை அத்தையேதான் வெட்டினாள், யாரையும் விடவில்லை.

யார் செய்தது என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் சடையப்பன் என்று ஒருவர் மக்காச்சோளம் போட்டிருக்கிறார். ஐப்பசியில் ஒரு நாள் அத்தையின் ஆடுகள் அதில் இறங்கிவிட்டன. அவர் டீக்கடையில் எல்லார் முன்னாலும், "இன்னொரு தடவ காட்டுக்குள்ள கண்டேன்னா, ஆடு ஊடு திரும்பாது" என்று சொல்லியிருந்தார். கோபத்தில் சொல்வதுதான். ஆனால் சொன்னாரே. அது போதும்.

"வெசம் வெச்சுட்டான் அம்மிணி," என்றாள் அத்தை. "வாயில நொரை தள்ளுச்சு."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "தழையில ஏதாச்சும் கலந்திருக்குமோ அத்தை?" என்றேன். கலந்திருக்குமோ என்றேன். கலந்தது என்று சொல்லவில்லை.

"நீ போட்ட தழையிலயா? உன்ற வேலையே வெசம் பாக்கறது. நீ பாக்காமயா போட்டிருப்பே?"

இரண்டு நாள் கழித்து ஆனைமலைக்குப் போகலாம், துணைக்கு வா என்றாள். மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நியாயம் வேண்டுகிறவர்கள் வரமிளகாயை அரைத்து அங்கே இருக்கிற நீதிக்கல்லில் பூசுவார்கள். தப்புச் செய்தவன் உடம்பெல்லாம் எரிய வேண்டும் என்று. நியாயம் கிடைத்த பிறகு திரும்பிப் போய் எண்ணெய் சாத்திக் குளிர வைக்க வேண்டும்.

லீவு போட்டுவிட்டுப் போனேன். வராமல் இருக்க என்ன காரணம் சொல்வது? கோயிலில் கூட்டம். எங்கள் முறை வந்தபோது அத்தை கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து குழவியைப் பிடித்தாள், உடனே விட்டுவிட்டாள். குழி வெட்டியதில் வலது தோள் பிடித்துக்கொண்டிருந்தது, கை மேலே வரவில்லை.

"நீ அரை அம்மிணி. உன்ற கை சுத்தமான கை."

அரைத்தேன் அக்கா. என் கையால்தான் அரைத்தேன். பக்கத்துக் கல்லில் ஒரு அம்மா நகை திருட்டுக்கு அரைத்துக்கொண்டிருந்தார்கள், அழுதுகொண்டே அரைத்தார்கள். நான் அழாததைப் பார்த்து, "நெஞ்சழுத்தம் வேணும்மா, அப்பத்தான் பலிக்கும்" என்று எனக்குத் தைரியம் சொன்னார்கள். விழுதை வழித்து அத்தையின் இடது கையில் வைத்தேன். அத்தை அதைக் கல்லில் பூசி, "ஆரு செஞ்சாங்களோ அவங்க ஒடம்பு எரியோணும் தாயே, அந்தச் சடையப்பனுக்கு நீயே கூலி குடு" என்றாள்.

கை இரண்டு நாள் எரிந்தது. அது மிளகாய் எரிச்சல்தான், வேறு ஒன்றும் இல்லை. ஆய்வகத்தில் கையுறை போட்டால் இன்னும் எரிந்தது.

மிளகாய் அரைத்தது ஊருக்குத் தெரிந்துவிட்டது. சடையப்பன் வீட்டில் மகள் ஏழு மாசம், பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அந்த வாரமே அவள் வழுக்கி விழுந்தாள். ஒன்றும் ஆகவில்லை, நல்லபடியாக இருக்கிறாள். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? ஒரு சாயங்காலம் சடையப்பன் சம்சாரம் அத்தை வாசலுக்கு வந்து நின்றார்கள். நான் எங்கள் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். என்னை அவர்களுக்குத் தெரியாது, வேலி மறைத்தது. எனக்கும் அவர்களைத் தெரியவில்லை, கற்பூர வாசனை மட்டும் வந்தது.

"அக்கா, பாருங்க. கையில வெச்சுக் கொளுத்தியிருக்கறேன். நாங்க வெக்கலக்கா. எங்கூட்டுக்காரரு வாய்தான் அப்படி, கை அப்படியில்ல. என்ற புள்ள வயித்துல ஒண்ண வெச்சிருக்கறா. போயி எண்ணெய் ஊத்திட்டு வந்துருங்கக்கா."

அத்தை கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அந்த அம்மா கற்பூரத்தை உதறினார்களோ, தானாக அணைந்ததோ, "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். நான் துணியை மடித்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் காலை ஆபீஸுக்குக் கிளம்புவதற்கு முன் போனேன். கொட்டகையில் கட்டித் தொங்கவிட்ட கயிற்றில் இன்னும் கொஞ்சம் காய்ந்த தழை இருந்தது. அதிலிருந்து ஒரு அரளிக் கொத்தை உருவி அத்தையின் கையில் வைத்தேன்.

"அத்தை, இது நான் போட்டது. வேப்பந்தழையோட இதுவும் வந்துருச்சு. ஆடு செத்தது இதுனாலதான். சடையப்பன் எதுவும் செய்யலீங்க."

அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆமா, அரளிதான்," என்றாள். "அவன்தான் உன்ற வேலியில ஒடிச்சுக் கலந்திருக்கறான். பாத்தியா வேலைய? பழி உன்மேல வரட்டும்னு."

"இல்லீங்க அத்தை. நான்தான் போட்டேன். பாத்தேன். பாத்துட்டும் போட்டேன்."

"நீ எதுக்கும்மிணி பாத்துட்டும் போடறே? அவனுக்குப் பாவம் பாத்துச் சொல்றே. அந்தப் பொண்ணு விழுந்ததுல பயந்துட்டே."

தினமும் விஷம் இருக்கிறது, இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், எல்லாரும் நம்புகிறார்கள். என்னைப் பற்றி நானே சொல்கிறேன், அத்தை நம்பவில்லை. ஏன் அவசரமாகப் போட்டேன் என்று சொன்னால்தான் நம்புவாள். அதைச் சொல்லாமல் சமாளித்துவிடலாம் என்று போயிருந்தேன்.

"அன்னிக்கு வந்தது ஆபீசுக்காரங்க இல்ல அத்தை," என்றேன். "என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க. அவங்க வர்றதுக்குள்ள வாசலச் சுத்தம் பண்ணணும்னுதான் வாரிப் போட்டேன்."

அத்தை கையில் இருந்த கொத்தைக் கீழே வைத்தாள்.

"எந்த ஊரு?"

"பொள்ளாச்சிப் பக்கம்."

"எத்தன பேரு?"

"ஏழு பேரு."

"உன்ற கையப் புடிச்சுக் கூட்டியாந்தது ஆரு?"

"யாரும் இல்ல. நானே வந்தேன்."

வேலியைப் பார்த்தாள், மேலிருந்து கீழே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. அப்புறம் சொன்னாள், "அப்ப இது ஆட்டுக்கு வெச்ச வேலி இல்ல."

"இல்லீங்க."

நான் அழுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வந்தேன், அதற்குள் அத்தை எழுந்துகொண்டாள்.

"போங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அத்தை ஒரு நாளும் என்னைப் போங்க என்று சொன்னதில்லை. இப்போதும் பார்த்தால் பேசுகிறாள், "சாப்பிட்டீங்களா, வேலையெல்லாம் எப்படிங்க" என்று கேட்கிறாள். சமையலறைக்குள் வருவதில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறாள். இரண்டு பெட்டை வாங்கித் தருகிறேன் என்றேன், "உங்களுக்கெதுக்குங்க சிரமம்" என்றுவிட்டாள். வேலியை வெட்டிவிடுகிறேன் என்றேன். "பூக்கற செடிய எதுக்குங்க வெட்டறீங்க?" என்றாள்.

நான் உண்மையைச் சொன்னதற்கு அடுத்த நாள் அத்தை தனியாகவே ஆனைமலைக்குப் போய் எண்ணெய் சாத்திவிட்டு வந்தாள். வந்த கையோடு சடையப்பன் வீட்டுக்கும் போனாளாம். அங்கே என்ன சொன்னாள் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. எனக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்போல் இருந்தது. என் பெயரைச் சொல்லியிருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும், ஆனால் யாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. பத்து நாள் பொறுத்தேன். பஸ் ஸ்டாப்பில் சடையப்பன் நின்றிருந்தார். கேட்டுவிட்டேன்.

"எங்க அத்தை உங்க ஊட்டுக்கு வந்தாங்களாமே, என்ன சொன்னாங்க?"

"சீக்குல செத்த ஆட்டுக்கு உன்னப் பழி சொல்லிட்டேன்னாங்க. கால்ல விழ வந்துட்டாங்க, என்னவிட மூத்தவங்க, நான் புடிச்சு நிறுத்திட்டேன்." அவர் என்னைப் பார்த்தார். "நீங்க இதெல்லாம் படிச்சவங்க. சீக்குத்தானுங்களே?"

அப்போது சொல்லியிருக்கலாம். பஸ் ஸ்டாப்பில் வேறு யாரும் இல்லை. அவர் சம்சாரம் தன் கையில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தவர். அவருக்கு உண்மை தெரிய வேண்டாமா?

"ஆமாங்க. சீக்குதான்," என்றேன்.

"என்ன சீக்குங்க?"

"துள்ளுமாரி."

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. மழைக்கு அப்புறம் இளம்புல் தின்று ஆடு திடீரென்று துள்ளி விழுந்து சாகும், அந்த நோய். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஓ, துள்ளுமாரிங்களா. சரிங்க," என்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அன்றிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருந்தது. பொய் சொன்னால்கூடச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். கார்த்திகையில் துள்ளுமாரி வருமா, நான்கும் ஒன்றாகச் சாகுமா, சரிபார்க்க வேண்டும் என்று போன வாரம் லீவு போட்டு எங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். ஆடுகளுக்கு ஊசி போடுகிற உதவியாளர் இருந்தார். அத்தை பெயரைச் சொல்லி, அவளுடைய ஆடுகள் துள்ளுமாரியில் செத்திருக்கலாமா என்று கேட்டேன். வாய்ப்பே இல்லை என்றார். போன ஆடியில் அதற்குத்தான் தடுப்பூசி முகாம் போட்டோம் என்று பதிவேட்டைத் திறந்து காட்டினார். மயிலாத்தாள், வெள்ளாடு நான்கு. அதற்கு மேல் வரியில் சடையப்பன், வெள்ளாடு இரண்டு. இருவரும் ஒன்றாகத்தான் வந்தார்களாம். அத்தையின் ஆடுகள் முரண்டு பிடித்தனவாம். துள்ளுமாரிக்கு ஊசி போட்டு முடிகிறவரை, நான்கு ஆட்டையும் ஒவ்வொன்றாகக் கொம்பைப் பிடித்து நிறுத்தியது சடையப்பன்தானாம்.